இடது முன்சக்கரம்

ஜூன் 10, செவ்வாய்

புதிய நோட்டு. சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் செய்ததுபோல, முதல் பக்கத்தில் எனக்குத் தெரிந்தவற்றை வரிசைப்படுத்திவிடுகிறேன். பின்னால் வருபவை இவற்றின் சரிபார்ப்பு.

1. மே 4 காலை, ரயில்வே மேம்பாலத்தின் இறக்கத்தில் எங்கள் காரின் பிரேக் மிதி தரை வரை போய்விட்டது. வண்டி நடுத்தடுப்புச் சுவரில் உரசி, மோதி நின்றது. ஓட்டியவன் நான். என் மனைவி அரசிக்கு வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு.

2. அதற்கு எட்டு நாள் முன்பு, ஏப்ரல் 26 அன்று, எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் வைத்து பிரேக் வேலை பார்த்தவன் மெக்கானிக் சவரிமுத்து.

3. கேலிபர் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கிடுக்கி. இடது முன்சக்கரத்துக் கேலிபருக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் சவரிமுத்து கிரீஸ் கையை வைத்துவிட்டான். கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் ஊதும். ஊதினால் பிடித்த பிரேக் விடாது, சூடேறும், உள்ளே பிரேக் ஆயில் கொதிக்கும், மிதி கீழே போகும். ஊற்றிய ஆயில் என்னுடையது, ஆகவே அதில் குறையில்லை. குறை அவன் கையில்.

4. மே 11 அன்று நான் குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். சவரிமுத்து உள்ளே வரத் தற்காலிகத் தடை போட்டார்கள். ஜூன் 22 பொதுக்குழுவில் அதை நிரந்தரமாக்குவார்கள்.

5. எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அதனால் கேலிபரை நானே கழற்றி, சுத்தம் செய்து, புது ரப்பர் போட்டு மாட்டப்போகிறேன். பழைய ரப்பரை மேசைமேல் வைத்தால் அது பேசிக்கொள்ளும்.

6. ஐயம் வந்தால் மறைக்காமல் இங்கே எழுதுவேன்.

மூன்றாவது குறிப்புக்கு ஆதாரம்: மோதிய பிறகு இடது முன்சக்கரத்திலிருந்து புகை வந்ததை என் கண்ணால் பார்த்தேன். வலது பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பார்க்க முடியவில்லை.

சவரிமுத்து கெட்டவன் என்று சொல்லமாட்டேன். பத்து வருஷமாக இந்த இருபத்து நான்கு வீட்டு வண்டிகளும் அவன் கையில்தான். ஆனால் அந்தக் கையைப் பார்க்க எனக்கு ஒப்பாது. நகக்கண்களில் எந்நேரமும் கறுப்பு. அதே விரலால் வெற்றிலை மடிப்பான். அவன் கொண்டுவரும் தகர டப்பாக்களின் வாயில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகப் படிந்திருக்கும். அவனுக்குத் தேநீர் கொடுக்கவென்றே காகிதக் கோப்பைகள் வாங்கிவைத்திருந்தேன். சுத்தம் கருதித்தான்.

ஜூன் 11, புதன்

வண்டியைத் தூக்கினேன். காலை ஏழு மணிக்கு ஜாக்கியை வைத்து உயர்த்தி, அடியில் மரக்கட்டைகளை அடுக்குவதற்குள் வண்டி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. மறுபடி உயர்த்தினேன். மறுபடி இறங்கியது. ஜாக்கியின் கழுத்தில் எண்ணெய் கசிந்து, தூசியோடு குழைந்து, என் விரலில் ஒட்டியது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஜாக்கி வாங்கி ஒன்றரை வருஷம் ஆகவில்லை. ஏப்ரல் 26 அன்றுதான், சவரிமுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது, என் ஆறாம் எண் பாட்டிலிலிருந்து ஜாக்கி எண்ணெயை நிரப்பினேன். அதற்குப் பிறகும் நிற்கவில்லையென்றால் கடைக்காரன் கொடுத்த பொருளின் லட்சணம் அவ்வளவுதான்.

பாட்டில்களைப் பற்றி எழுதவில்லையே. கடையிலிருந்து வரும் பிசுபிசுத்த டப்பாக்களை அலமாரியில் வைக்க என்னால் முடியாது. எது வந்தாலும், ஆலையிலிருந்து ஓய்வுபெறும்போது கொடுத்த பழுப்புக் கண்ணாடி பாட்டில்களில் மாற்றி, எண் ஒட்டி, எந்த எண்ணில் எது என்று நோட்டில் எழுதிவிடுவேன். ஐந்து பிரேக் ஆயில். ஆறு ஜாக்கி எண்ணெய். போன மழைக்காலத்தில் பூச்சி சீட்டுகளை அரித்துவிட்டது. ஜனவரியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதி ஒட்டினேன்.

ஜூன் 12, வியாழன்

மழை. வேலை இல்லை. ரசத்தில் உப்பு மறந்துவிட்டேன். அரசி இடது கையால் ஸ்பூனில் அள்ளிச் சாப்பிட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

சக்கரம் கழன்றது. கேலிபரை இரண்டு போல்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று எளிதில் வந்தது. மற்றதற்கு முக்கால் மணி நேரம். குழாய் இழுபடாமல் இருக்கக் கேலிபரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. கட்டினேன்.

இத்தனை நாளாக எங்கள் காலுக்கு இரண்டடி தள்ளி இப்படி ஒரு பொருள் இருந்தது என்பதை நினைத்தால் குமட்டுகிறது. தேய்ந்த பிரேக் பேடின் கரித்தூள், சாலைப் புழுதி, கசிந்த ஆயில் எல்லாம் வெந்து, அடிப்பிடித்த புளிக்குழம்பு மாதிரி அப்பிக்கிடந்தன. மேலே மூடியிருந்த தூசி உறை தண்ணீரில் ஊறிய அப்பளம்போல் தொளதொளத்து, தொட்டதும் விரலோடு வந்தது. அரசி பால்கனியிலிருந்து, நாற்றம் மூன்றாவது மாடி வரை வருகிறது என்றாள். எனக்குத் தெரியவில்லை. ஆலையின் கந்தகப் புகையில் என் மூக்கு என்றைக்கோ போய்விட்டது.

சங்கச் செயலாளர் கோதண்டபாணி நடைப்பயிற்சி முடித்து வந்தவர் நின்றார். குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது மகிழ்ச்சி என்றுதான் எழுத வேண்டும்.

“உங்க லெட்டர் வந்த அப்புறம்தான் சார் எல்லாருக்கும் தைரியம் வந்துச்சு” என்றார். “அவன் வர்ற நாள்லயெல்லாம் வண்டியில பெட்ரோல் குறையுதாம். குரூப்ல பாத்தீங்களா?”

பார்த்தேன். என் கடிதத்துக்குக் கீழே நாற்பத்தொரு பதிவு. பெட்ரோல், காணாமல் போன ஸ்பேனர், படிக்கட்டில் வெற்றிலை எச்சில். நான் பெட்ரோலைப் பற்றி எழுதவே இல்லை. கூழாங்கல் போட்டால் சாக்கடையில் குமிழி வருவதுபோல் வந்துகொண்டே இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தேநீர் அனுப்பச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

அனுப்பினார். குடிக்கப் பிடிக்கவில்லை.

ஜூன் 14, சனி

கேலிபருக்குள் இருக்கும் பிஸ்டனை வெளியே தள்ள, ஒருவர் பிரேக் மிதியை மிதிக்க வேண்டும். மற்றவர் கீழே இருந்து பார்க்க வேண்டும். அரசி விபத்துக்குப் பிறகு இந்த வண்டிக்குள் காலை வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில்தான் போகிறோம். வண்டி கட்டைமேல் இருக்கிறது, ஓர் அங்குலம் நகராது என்று நான் இரண்டு முறை விளக்கியபிறகு வந்தாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி, மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தாள். இடதுகாலா வலதுகாலா என்று கேட்டாள். எதுவானாலும் சரி என்றேன்.

மிதித்தாள். பிஸ்டன் அசையவில்லை. மறுபடி மிதித்தாள்.

“அன்னைக்கு அவரு அந்த பாட்டில மோந்து பாத்தாரு” என்றாள்.

“யாரு?”

“சவரிமுத்துதான். நான் பால்கனியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். மோந்து பாத்துட்டு உங்ககிட்ட என்னமோ சொன்னாரு. நீங்க கைய ஆட்டிட்டு மேல ஏறி வந்துட்டீங்க.”

அந்த நேரத்தில் பிஸ்டன் பொத்தென்று விழுந்தது. கறுத்த ஆயில் என் சட்டை, மூக்குக்கண்ணாடி, உதடு எல்லாவற்றிலும் தெறித்தது. உதட்டில் பட்டதைத் துப்பித் துப்பி வாய் உலர்ந்துவிட்டது. அரசி இறங்கித் தன் முந்தானையால் என் கண்ணாடியைத் துடைத்தாள். அதைக்கூடப் பொறுக்க முடியாமல், வேண்டாம் அழுக்கு என்று விலகினேன்.

அவன் என்ன சொன்னான் என்பது நினைவில்லை. ஏதாவது சொல்லியிருப்பான். மெக்கானிக்குகள் ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

அளவுகள். புது ரப்பர் வளையத்தின் தடிமன் 3.10 மில்லிமீட்டர். பழையது 3.92. ஐந்து இடத்தில் அளந்து சராசரி எடுத்தேன். பழைய வளையம் தன் பள்ளத்தைவிட்டுப் புடைத்து, அட்டைப்பூச்சி ரத்தம் குடித்துக் கிடப்பதுபோல் கிடந்தது. அழுத்தினால் ஈரம் கசிகிறது. இடுக்கியால் எடுத்து பாலிதீன் உறையில் போட்டு நாள் எழுதினேன்.

இதுதான் நான் தேடியது. மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்.

ஒரு சாம்பிளை மட்டும் சோதித்துவிட்டு முடிவு எழுதிய உதவியாளர்களை ஆலையில் நான் திட்டியிருக்கிறேன். கெட்டதாகத் தோன்றும் சாம்பிளின் பக்கத்தில் நல்லதாகத் தோன்றும் ஒன்றையும் வைத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு ஒப்புச் சோதனை என்று பெயர். வலது சக்கரத்தின் ரப்பர் நன்றாக இருந்தால், இடது பக்கம் சவரிமுத்து கை வைத்ததுதான் காரணம் என்பது உறுதி. அதையும் செய்துவிட்டால் யாரும் வாய்திறக்க முடியாது. நேரம் இருந்தால் செய்யலாம்.

ஜூன் 16, திங்கள்

அரசியின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த கை சுருங்கி, வெளுத்து, செதில் செதிலாகத் தோல் உரிந்து, யாருடையதோ போல் இருந்தது. மயிர் ஒட்டிக்கிடந்தது. நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். ஒரு நொடிதான்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். வரும்போது ஆட்டோவில் கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை. நாளைக்குச் சவரம் செய்துகொள்ளலாம்.

ஜூன் 17, செவ்வாய்

கேலிபரைப் புதுப்பித்தேன். காலை ஆறரை முதல் பன்னிரண்டு வரை.

உலோகத்தைக் கழுவ எல்லோரும் மண்ணெண்ணெய் எடுப்பார்கள். ரப்பர் உட்காரும் இடத்தில் அது கூடாது. ஸ்பிரிட்டால் கழுவினேன். பள்ளத்தில் படிந்திருந்த துருவை மூங்கில் குச்சியால் சுரண்டினேன். இரும்பால் சுரண்டினால் கீறல் விழும். பிஸ்டனில் மேலாக இருந்த கறையை நீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். கீழே ஓடிய தண்ணீர் கார் நிறுத்தத்தின் தரையில் கறுப்பு வட்டமாகத் தங்கிவிட்டது. அதைத் துடைக்க ஒரு மணி நேரம்.

புது வளையத்தையும் பிஸ்டனையும் பிரேக் ஆயிலில் நனைத்துத்தான் பொருத்த வேண்டும். ஐந்தாம் எண் பாட்டிலிலிருந்து ஊற்றினேன். தங்கநிறத்தில், தூசு தும்பு இல்லாமல் இறங்கியது. இந்த ஒரு வாரத்தில் என் கண்ணுக்கு அருவருப்புத் தராத ஒரே பொருள் அதுதான். வளையம் பள்ளத்தில் அமர்ந்தது. பிஸ்டனைக் கட்டைவிரல்களால் நேராக அழுத்தினேன். சாய்ந்தால் போச்சு. சாயாமல் உள்ளே போயிற்று.

எழுபத்திரண்டு வயதில் இதைச் செய்ய முடிந்தது.

ஜூன் 18, புதன்

வலது சக்கரத்தைத் திறக்கவில்லை. இடுப்பு வலி.

ஜூன் 19, வியாழன்

இடுப்பு வலி இல்லை என்பதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். ஆறாவது குறிப்பு அதற்காகத்தான்.

இன்று திறந்தேன். வலது பக்க வளையம் 3.90. அதே ஊதல், அதே அட்டைப்பூச்சி. சரி, சவரிமுத்து இரண்டு பக்கமும்தான் கிரீஸ் தடவினான் என்று எழுத முடியும். கோதண்டபாணியிடம் சொன்னால் அவர் உடனே ஒப்புக்கொள்வார். எழுதக்கூட ஆரம்பித்தேன்.

பிறகு பானட்டைத் திறந்து, மேலே பிரேக் ஆயில் தொட்டியின் மூடியைக் கழற்றினேன். மூடிக்குள் இருக்கும் ரப்பர் சவ்வும் ஊதி, மடிந்து, தொட்டிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மூடியை ஏப்ரல் 26 அன்று கழற்றியதும், அவன் ஊற்றிய பிறகு இறங்கி வந்து மாட்டியதும் நான். அவன் விரல் படக்கூடாது என்று.

ஜூன் 20, வெள்ளி

விடிந்ததும் கீழே போய், செவ்வாய்க்கிழமை என் கையால் போட்ட இடதுபக்கத்துப் புது வளையத்தை வெளியே எடுத்து அளந்தேன். 3.31. மூன்று நாளில். அதை என்னைத் தவிர வேறு யாரும் தொடவில்லை.

இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்தேன். பிரேக் ஆயில் தண்ணீரில் கலந்துவிடும். ஜாக்கி எண்ணெய் மிதக்கும். கல்லூரிப் பையனுக்குக்கூடத் தெரியும். ஐந்தாம் எண் பாட்டிலிலிருந்து பத்துச் சொட்டு விட்டேன். தங்கநிற வட்டமாக மேலே நின்றது. ஆறாம் எண் பாட்டிலிலிருந்து விட்டது கரைந்துபோயிற்று.

ஜனவரியில் சீட்டு ஒட்டியபோது இரண்டையும் மாற்றி ஒட்டியிருக்கிறேன். ஜாக்கியில் பிரேக் ஆயில். அதனால்தான் அது நிற்கவில்லை. பிரேக்கில் ஜாக்கி எண்ணெய். மோந்து பார்த்திருந்தால் எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்திருக்கும். எனக்கு மூக்கு இல்லை. இருந்தவர் சொன்னார்.

இப்போது நினைவு வந்துவிட்டது. வந்துவிட்டது என்று எழுதுவது பொய். போகவே இல்லை. “சார், வாசனை வேற மாதிரி இருக்கு” என்றார். நான், “முப்பத்து நாலு வருஷம் கெமிஸ்ட்டா இருந்தவன்கிட்ட சொல்றியா” என்றேன். அதோடு அவருடைய டப்பாவை இரண்டு விரலால் தள்ளி வைத்தேன்.

டம்ளர்களைக் கழுவினேன். கை கழுவினேன். அழுக்கு எதுவும் இல்லாமலே நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தேன். அரசி வந்து குழாயை மூடினாள்.

“தெரிஞ்சு போச்சா?” என்று கேட்டாள்.

அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 21, சனி

சவரிமுத்து இப்போது தண்ணீர் லாரிகள் நிற்கும் ஒரு கொட்டகையில் வேலை செய்கிறார். பஸ்ஸில் போனேன். கையில் ஐந்தாம் எண் பாட்டில். தரையெல்லாம் சேறும் டீசலும். லாரிக்கு அடியிலிருந்து முதலில் அவர் கால்கள் தெரிந்தன, பிறகு அவர். எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இத்தனை வருஷமும் என் முன்னால் அப்படித்தான் நின்றிருக்கிறார் என்பதை இன்றுதான் கவனித்தேன்.

நடந்ததை ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொன்னேன். அவர் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தார்.

“இதேதான்” என்றார்.

சங்கத்தில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னேன் சார். ‘அவரு கெமிஸ்ட்டுய்யா, நீ என்ன படிச்சிருக்க’ன்னு கேட்டாங்க. என்னத்தச் சொல்றது?” பாட்டிலை மூடி லாரியின் படியில் வைத்தார். “ஆனா ஒண்ணு சார். நீங்க தப்பா குடுத்தீங்க. நான் தப்புன்னு தெரிஞ்சே ஊத்தினேன். அம்மா அந்த வண்டியிலதான் போவாங்கன்னு தெரியும். சார் கோவிச்சுக்குவாரேன்னு ஊத்தினேன். கை ஒடிஞ்சுச்சுன்னு கேட்டதிலேருந்து என் கையில சோறு எடுத்துத் திங்க எனக்கே அருவருப்பா இருக்கு.”

என்னுடைய சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டேன். ஒரு டயர்மேல் உட்கார்ந்தேன். வேட்டியில் கறை பட்டது.

நாளைக்குக் கூட்டத்தில் சொல்லிவிடுவதாகச் சொன்னேன். பிரேக் வேலையை அவரே வந்து முடித்துத் தர வேண்டும் என்றும் கேட்டேன்.

“கூட்டத்துல சொல்லுங்க. அங்க மத்த வண்டியப் பாக்க வருவேன், எனக்கு அது பொழப்பு” என்றார். “உங்க வண்டியத் தொடமாட்டேன் சார். நாலு சக்கரத்து ரப்பரும், மேல மாஸ்டர் சிலிண்டரும், குழாயும் எல்லாம் போயிருக்கும். ஒண்ணு விடாம மாத்தச் சொல்லுங்க, வேற ஆளுகிட்ட. புது ஆயில் டப்பாவ உங்க முன்னாடியே ஒடைக்கச் சொல்லுங்க.”

கிளம்பும்போது தேநீர் வரவழைத்தார். கண்ணாடி டம்ளர், விளிம்பில் எண்ணெய் விரல் அடையாளம். பக்கத்தில் இருந்த பையிலிருந்து ஒரு காகிதக் கோப்பையை எடுத்து, “வேணும்னா இதுல ஊத்தித் தரவா சார்?” என்று கேட்டார். சிரிக்கவில்லை.

டம்ளரிலேயே குடித்தேன். தேநீர் இறங்க மறுத்தது. அது என் தொண்டையின் குணம். ஒரு நாளில் மாறாது. குடித்து முடித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

கூட்டம் மாலை ஐந்துக்கு. அரசியும் வந்தாள். கடைசி வரிசையில், மெலிந்த கையை மடியில் வெளியே தெரிய வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எழுதிக்கொண்டுபோன கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன். இடையில் ஒரு வரியை இரண்டு முறை படித்துவிட்டேன். மூன்று ரப்பர் வளையங்களையும் இரண்டு பாட்டில்களையும் மேசைமேல் வைத்தேன். அவை ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

கோதண்டபாணி மெதுவாகச் சொன்னார்: “விடுங்க சார், வயசான காலத்துல எல்லாருக்கும் வர்றதுதான். பெரிய மனசு உங்களுக்கு. ஆனா அவன்மேல பெட்ரோல் கம்ப்ளெய்ன்ட்டும் இருக்கே.”

கடிதத்தில் இதற்கு வரி இல்லை. உட்கார்ந்திருக்கலாம்.

“யார் வண்டியில, எந்தத் தேதியில குறைஞ்சுது?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அரசி பின்னாலிருந்து, “சத்தமா கேளுங்க” என்றாள். சத்தமாகக் கேட்டேன். யாரும் தேதி சொல்லவில்லை. ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். என் கடிதத்தைப் பிடித்துக்கொண்டுதானே இதெல்லாம் வந்தது, அந்தக் கடிதத்தை நான் திரும்பப் பெறுகிறேன் என்றேன். தடையை நீக்குவதாகக் கைதூக்கி முடிவு செய்தார்கள். கை தூக்கியவர்களின் முகத்தில், விருந்தில் இலையைப் பாதியில் எடுத்துவிட்டதுபோல் ஒரு கசப்பு. ஆறு வாரமாக அந்த விருந்தைப் பரிமாறியவன் நான்.

படியேறும்போது அரசியின் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். தோல் சொரசொரப்பாக இருந்தது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை. அந்த வண்டியில் இனி ஏறமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். சரி என்றேன்.

ஆய்வுக்கூட நோட்டில் பிழையை அழிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். முதல் பக்கத்துக்குப் போய் அப்படியே செய்துவிட்டேன்.

மூன்றாவது குறிப்பு தவறு. குறை அவர் கையில் இல்லை.

வ. சிற்றம்பலம், 22 ஜூன்.